ரெங்கராஜின் கூட்டாளி

ஷம்சியா காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்திய சத்தத்திலேயே சேதுமாதவனுக்குப் புரிந்துவிட்டது, இன்றைக்கு மத்தியானச் சாப்பாடு கோவிந்தா. மெதுவாகச் சாத்தினால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். இப்படிச் சாத்தினால் எவனோ ஒருத்தன் எங்கேயோ மாட்டியிருக்கிறான், அவனை இழுத்து வெளியே போடும்வரை பிரியாணி வாசனைகூட மூக்கில் படாது.

ஷம்சியா கீழக்கரைக்காரி. அமீரகத்தில், புஜைராவில், வக்கீல் மஹ்மூதின் ஆபீஸில் மொழிபெயர்ப்பாளர். அது பெயருக்குத்தான். மஹ்மூது கோர்ட்டில் கம்பீரமாக எடுத்து வீசுகிற சங்கதிகளில் முக்கால்வாசி, இந்த அம்மாள் வெயிலில் அலைந்து மோப்பம் பிடித்துக் கொண்டுவந்தவை. சேதுமாதவன் ஆபீஸ் டிரைவர், புதுக்கோட்டைப் பக்கம். முன்பு துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். வாய் சும்மா இருக்காமல் ஃபோர்மேனைச் சீண்டிக் கீழே இறக்கப்பட்டவன். ஆபீஸில் எல்லோரும் அவளை மேடம் என்பார்கள். இவன் மட்டும் கீழக்கரை வழக்கப்படி அக்கா என்பதற்கு லாத்தா என்பான். மேடத்தைவிட லாத்தாவிடம் திட்டு கொஞ்சம் குறைவாக விழும் என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கைதானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

மாட்டியிருந்தவன் பெயர் ரெங்கராஜ், சிவகங்கைக்காரன். கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர் ஹெல்ப்பர். ஸ்டோரில் பித்தளை வால்வுகள் காணாமல் போயின. தேடினால், தொழிலாளர் கேம்ப்பில் அவன் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தன. கேட்ட மாத்திரத்தில் நான்தான் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டான். அதோடு முடிந்திருந்தால் சின்னத் தண்டனையோடு போயிருக்கும். ஆனால் தண்டனை போடுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒருத்தன் தனியாகத் திருடினால் ஓர் அளவு. கூட்டாளி சேர்த்துக்கொண்டு திருடினால் அதற்கு மேலே ஒரு கூட்டல். ஸ்டோர் வாசலில் இரண்டு விதமான செருப்புத் தடம் கிடந்தது. இன்னொருத்தன் யார் என்று கேட்டார்கள். யாருமில்லை, தனியாகத்தான் செய்தேன் என்று சாதித்தான். கூட்டாளியை மறைக்கிறான் அழுத்தக்காரன் என்று கூட்டலைப் போட்டு, வருஷக்கணக்கில் நீட்டிவிட்டார்கள்.

நாளைக் காலையில் அவனுடைய அப்பீல். மஹ்மூது கேட்டிருப்பது ஒன்றே ஒன்று. திருடினானா இல்லையா என்ற பேச்சே வேண்டாம், அதை அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். கூட்டாளி இருந்தான் என்று போட்ட கணக்கு தப்பு, அதை மட்டும் எடுங்கள். எடுத்துவிட்டால் இதுவரை உள்ளே இருந்ததே போதும், நேராக விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஊரில் ஆவணி வரைக்கும்தான் கெடு. அவனுக்கு நிச்சயமான பெண் பஞ்சவர்ணம் அங்கே காத்திருந்தாள். ஆவணிக்குள் மாப்பிள்ளை வந்து நிற்காவிட்டால் வேறு இடம் பார்த்துவிடுவேன் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். அந்தப் பெண் எப்படியோ சேதுமாதவனின் மொபைல் நம்பரைப் பிடித்து, விடிந்தால் ஒரு மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்தாள். திருப்பிக் கூப்பிடுவது இவன் பாடு. இவனுடைய ஃபோன் கார்டெல்லாம் அடுத்தவன் காதலுக்கே கரைந்தது. அன்று காலையிலும் அதே பாட்டுத்தான்: அவருக்குத் திருடத் தெரியாது, கோழி பிடிக்கச் சொன்னாலே கோழியிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள்.

"கட்டிக்கப்போற பொண்ணு வேற என்ன லாத்தா சொல்லும்? நல்ல கைராசியான திருடன்னா சொல்லும்?" என்றான் சேதுமாதவன், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

 அந்தச் செருப்புத் தடம் இன்னும் அங்கேயே இருக்கிறதாம், ஸ்டோருக்குப் போ என்றாள் ஷம்சியா.

இருந்தது. கம்பெனியின் கஞ்சத்தனம் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. திருட்டு நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை லீவுக்கு முந்தின ராத்திரி. அன்று சாயங்காலம்தான் ஸ்டோர் வாசலில் புதிதாகக் கான்கிரீட் போட்டிருந்தார்கள். திருடப் போனவன் இருட்டில் தெரியாமல் மிதித்துக்கொண்டு போய்வந்திருக்கிறான். வெயிலில் அது காய்ந்து கல்லாகிவிட்டது. உடைத்துப் புதிதாகப் போட ஆபீஸில் சம்மதிக்கவில்லை. இப்போது விருந்தாளிகளுக்குக் காட்டுகிற தலமாகிவிட்டது என்று சலித்துக்கொண்டார் சூப்பர்வைசர் ஹஸ்னைன். கராச்சிக்காரர், நல்ல மனிதர், டீ கொடுக்காமல் எதையும் காட்ட மாட்டார்.

டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு தடம் கட்டம் கட்டமாக இருந்தது. இன்னொன்று வரி வரியாக இருந்தது. இரண்டும் ரப்பர் செருப்பு, இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். உள்ளே போனவை, வெளியே வந்தவை, சுமையோடு அழுந்தினவை என்று வாசல் பூராவும் குழம்பிக் கிடந்தது. இரண்டு ரகச் செருப்பு, ஆகவே இரண்டு ஆள். குழந்தைகூட இப்படித்தான் எண்ணும்.

ஷம்சியா சேதுமாதவனை ஷூவைக் கழற்றச் சொன்னாள். கட்டம் போட்ட தடத்தில் காலை வைக்கச் சொன்னாள். வலது கால் பொருந்தியது. அடுத்த கட்டத்தில் வை என்றாள். அதிலும் வலதுதான். இன்னொன்று, அதுவும் வலது. இடது காலை வைத்துப் பார்த்தான். கட்டைவிரல் போக வேண்டிய இடத்துக்குச் சுண்டுவிரல் போனது. பிறகு வரிக்கு வந்தார்கள். வரி போட்ட தடம் எல்லாமே இடது. சுடுகிற கான்கிரீட்டில் சேதுமாதவன் கட்டம், வரி, கட்டம், வரி என்று கால் மாற்றி வைத்துக்கொண்டே போனான். பார்த்தால், சாதாரணமாக நடந்து ஸ்டோருக்குள் வந்து நின்றுவிட்டான்.

"அப்போ ரெண்டு திருடனும் ஆளுக்கு ஒரு காலோட வந்திருக்கானுங்க லாத்தா. ஒருத்தன் தோள்ல ஒருத்தன் கை போட்டு, கெந்திக்கிட்டே பித்தளை தூக்கியிருக்கானுங்க."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி ஒரே ஆளு. காலுக்கு ஒரு செருப்பு."

ஹஸ்னைன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். தினமும் அதைத் தாண்டித்தான் அவர் ஸ்டோருக்குள் போகிறார். வந்தவர்கள் எல்லோரும் அடியிலிருக்கிற டிசைனைப் பார்த்தார்களே தவிர, அது எந்தக் கால் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. குற்றவாளியே ஒப்புக்கொண்ட கேஸில் யார் குனிந்து பார்ப்பார்கள்? ஷம்சியா கேமராவை எடுத்து எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் பிடித்தாள். சேதுமாதவன் மனசுக்குள் கல்யாண மேளமே அடித்துவிட்டான். பஞ்சவர்ணத்துக்கு இப்போதே ஃபோன் போடட்டுமா என்று கேட்டான்.

பொறு என்றாள் ஷம்சியா. புத்தியுள்ள மனுஷன் எதற்காகக் காலுக்கு ஒரு செருப்புப் போடுவான் என்று ஜட்ஜ் கேட்பார். அதற்குப் பதில் வேண்டும். பதில் கேம்ப்பில்தான் இருக்கும்.

கேம்ப்பில் அறை வாசல்கள் ஒவ்வொன்றிலும் செருப்புகள் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலைப் பார்த்ததும் சேதுமாதவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீலத்தோடு பழுப்பு, பச்சையோடு சிவப்பு. ஒழுங்கான ஜோடி ஒன்றுகூட இல்லை. ரெங்கராஜின் அறைக்காரன் மணிமாறன், நைட் டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்தவன், கண்ணைக் கசக்கிக்கொண்டே விளக்கினான். இந்தக் கேம்ப்பில் எது தங்கினாலும் செருப்புத் தங்காது. குளிக்கப் போய் வருவதற்குள் எவனாவது மாட்டிக்கொண்டு போயிருப்பான். அதனால் இரண்டு பேர் கூட்டு வைத்து இரண்டு ரகம் வாங்குவார்கள். ஆளுக்கு ஒன்றை மாற்றிக்கொள்வார்கள். ஒருத்தன் பகல் டியூட்டி, ஒருத்தன் நைட் டியூட்டி என்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் வாசலில் கிடக்காது. ஜோடி சேராத செருப்பை எவன் தொடுவான்?

"எங்க மூளைதான் அண்ணே. எந்தப் பூட்டும் இவ்வளவு காவல் காக்காது," என்றான் மணிமாறன் பெருமையாக.

பதில் கிடைத்துவிட்டது. கேஸ் முடிந்தது, கிளம்பலாம் என்று சேதுமாதவன் சாவியைக் கையில் எடுத்தான். ரெங்கராஜின் செருப்பு இருக்கிறதா என்று ஷம்சியா கேட்டாள். அவனை டியூட்டியில் இருந்தபோது பிடித்ததால் ஷூவோடு போய்விட்டான். செருப்பு அவன் பையோடு அறையிலேயே கிடந்தது. மணிமாறன் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டான். நீலத்தின் அடியில் கட்டம், பழுப்பின் அடியில் வரி. அச்சு அசலாக அதே டிசைன். சேதுமாதவன் கைதட்டவே கையைத் தூக்கினான்.

ஷம்சியா தட்டவில்லை. கேமராவின் குட்டித் திரையையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கிப்போனது. கான்கிரீட்டில் கட்டம் வலது கால், வரி இடது கால். ரெங்கராஜின் செருப்பில் கட்டம் இடது, வரி வலது.

"ஒரே ஆளுதான் சேது. நம்ம கணக்கு சரி. ஆனா அந்த ஆளு ரெங்கராஜ் இல்ல."

தூக்கிய கை தூக்கியபடி நின்றது. ஒருத்தனிடம் இந்த ஜோடி இருந்தால், மாற்றிக்கொண்டவனிடம் மிச்ச ஜோடி இருக்குமல்லவா. யாரோடு கூட்டு வைத்திருந்தான் ரெங்கராஜ்? மணிமாறன் கவிழ்ந்து கிடந்த செருப்பை நிமிர்த்தி வைத்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். மச்சான் ரகுநாதனோடு. செருப்பு மட்டுமா, அந்தக் கட்டிலே இருவருக்கும் பொது. பகலில் ஒருத்தன் படுப்பான், ராத்திரி ஒருத்தன். ரகுநாதன் கட்டியிருப்பது ரெங்கராஜின் தங்கை உமாராணியை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம். ரகுநாதனின் தங்கைதான் பஞ்சவர்ணம்.

 தினமும் காலையில் அவள் அழுத அழுகையெல்லாம் சேதுமாதவன் காதுக்குள் மறுபடி கேட்டது. இந்த மனுஷனைக் காப்பாற்றுங்கள் என்று அவள் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருக்க, மாட்டிவிட்டவன் அவள் கூடப்பிறந்தவன். ஜோக் அடிக்க வாய் வரவில்லை. அவனுக்கே அது புதுசாக இருந்தது.

ஷம்சியா மஹ்மூதுக்கு ஃபோன் செய்தாள். அவர் யோசித்துவிட்டு, கான்கிரீட் படம் ஒன்றே போதும், செருப்பைக் காட்டாதே என்றார். படத்தைப் பார்த்தாலே ஒரு ஆள்தான் என்று தெரிந்துவிடும், கூட்டல் போய்விடும், பையன் ஆவணிக்குள் ஊர் போய்ச் சேருவான். அவன் நம்மிடம் கேட்டது அவ்வளவுதானே. நியாயமான பேச்சுதான். ஆனாலும் ஃபோனை வைத்தபிறகு அவள் செருப்பை மறுபடி கையில் எடுத்தாள்.

"கணக்குத் தப்புன்னு சொல்லப்போறோம். ஆளே தப்புன்னு தெரிஞ்சும் அதை மட்டும் சொல்லிட்டு வரணுமா? திருடன்னு பேரோடவே அவன் போய் மணவறையில உக்காரணுமா?"

ரகுநாதன் இப்போது துபாய்ப் பக்கம் ஜெபல் அலியில் இருந்தான். திருட்டு நடந்த கையோடு கம்பெனியின் அங்குள்ள ஸ்டோருக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டானாம். மசாஃபி மலைச் சாலையில் சேதுமாதவன் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினான். அவர்கள் போய்ச் சேரவும் டியூட்டி முடிந்து பஸ்கள் வரவும் சரியாக இருந்தது. முகம் தெரியாத ஆளை எப்படி லாத்தா பிடிப்பது என்று கேட்டான். குளித்துவிட்டு மெஸ்ஸுக்குப் போகும்போது முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்றாள். தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற கால்களில் ஒரு ஜோடி மட்டும் சேராமல் நின்றது. வலது நீலம், இடது பழுப்பு. ஊர் மாறியும் பழக்கத்தை விடவில்லை.

"திருடுனவனுக்கு இன்னும் செருப்புத் திருட்டுப் பயம் போகலை பாருங்க," என்று முணுமுணுத்தான் சேதுமாதவன்.

ரகுநாதன் ஓடவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தான். படத்தைக் காட்டியதும் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். பழைய இரும்பு வாங்குகிறவன் ஒருத்தன் ஆசை காட்டினான், புத்தி கெட்டுப்போய் எடுத்தேன் என்றான். சாமான் கட்டிலுக்கு அடியில் அகப்பட்டபோது உமாராணி முழுகாமல் இருந்தாள். நான் ஒண்டிக்கட்டை, நீ வாயைத் திறந்தால் என் தங்கச்சி உயிரோடு இருக்க மாட்டாள் என்று ஃபோனில் சொல்லிவிட்டு ரெங்கராஜ் முந்திக்கொண்டான். கொஞ்ச நாளில் வந்துவிடுவேன் என்றானாம். கூட்டாளி என்று ஒரு கூட்டல் விழுந்து அது வருஷக்கணக்கில் நீண்ட விஷயத்தை ரெங்கராஜ் இவனுக்குச் சொல்லவே இல்லை. அப்பீல் தள்ளிப்போகிறது என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தான்.

ஷம்சியா அவனை மிரட்டவில்லை. நாளைக்கு எத்தனை மணிக்குக் கோர்ட் என்று சொன்னாள். சேதுமாதவனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"உன் தங்கச்சி தினமும் எனக்குத்தான் ஃபோன் பண்ணுது. அவருக்குத் திருடத் தெரியாது அண்ணேன்னு அழுவுது. நானும் அதை ஒரு நாளும் நம்பலை. நம்பாம இருந்ததுக்கு நாளைக்கு அதுகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்குவேன். நீ என்ன கேப்பே?"

ரகுநாதன் தட்டை எடுத்துக்கொண்டு கேம்ப்புக்குள் போய்விட்டான். திரும்பி வருவான் என்று சிறிது நேரம் நின்று பார்த்தார்கள். வரவில்லை. ஆள் அம்பேல், இனி இந்தியாவில்தான் பார்க்கலாம் என்றான் சேதுமாதவன்.

மறுநாள் கோர்ட்டில் மஹ்மூது கான்கிரீட் படங்களை மேஜைமேல் பரப்பி, ஒரு காலால் நடக்கிற திருடர்களைப் பற்றி வாதாடினார். ஜட்ஜ் வயதானவர். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். மேஜைக்கு அடியில் தன் கால்களையும் ஒருதரம் நகர்த்திப் பார்த்துக்கொண்டார் என்று பின்னால் சேதுமாதவன் சத்தியம் செய்தான். சரிதான், ஒரே ஆள்தான் போலிருக்கிறது என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, பின்கதவு திறந்தது. ரகுநாதன் உள்ளே வந்தான். எனக்குத் தெரிந்தது ஒரு வார்த்தைதான் என்பதுபோல, தன் நெஞ்சைத் தொட்டு "ஹராமி" என்று அரைகுறை அரபியில் தன்னைத்தானே திருடன் என்றான்.

கூண்டில் நின்ற ரெங்கராஜ் பதறிப்போனான். இவன் பொய் சொல்லுகிறான், நான்தான், நான் ஒருத்தன்தான் என்று கத்தினான். நான்தான் என்று இவன். இல்லை நான்தான் என்று அவன். கோர்ட் மொழிபெயர்ப்பாளர் யாருடைய வார்த்தையை முதலில் சொல்வது என்று தெரியாமல் திணறினார். ஜட்ஜ் மஹ்மூதைப் பார்த்து, திருடன் ஒருத்தன்தான் என்று நிரூபிக்க வந்தீர்கள், இப்போது கண்முன்னால் இரண்டு பேரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்களே என்றார்.  மஹ்மூது மெல்லத் திரும்பி ஷம்சியாவைப் பார்த்தார்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்து நீட்டினாள். ரெங்கராஜின் செருப்பு. அதை அவள் கேம்ப்பிலிருந்து எப்போது எடுத்தாள் என்று சேதுமாதவனுக்கே தெரியாது. ரகுநாதனைச் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நான்கையும் மேஜைமேல் வைத்தபோது கோர்ட் கிளார்க் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜட்ஜ் திருப்பிக்கொள்ளவில்லை. படத்தை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பொருந்தியது ரகுநாதனுடைய ஜோடி மட்டும்தான். எதிர்த்தரப்பையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அப்புறம் உத்தரவைச் சொன்னார். கூட்டாளி என்ற கூட்டல் ரத்து. அது மட்டுமில்லை, ரெங்கராஜ் மேலுள்ள தீர்ப்பே நிறுத்தி வைக்கப்படுகிறது, அவனை விடலாம். ரகுநாதனைக் காவலில் எடுத்து முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். ஒருத்தனாகச் செய்த திருட்டு, தானாக வந்து ஒப்புக்கொண்டிருக்கிறான், சாமானும் அகப்பட்டுவிட்டது, அதையெல்லாம் கணக்கில் வையுங்கள் என்றும் சொன்னார்.

வராந்தாவில் போலீஸ்காரரிடம் ஒரே ஒரு விலங்குதான் இருந்தது. ரெங்கராஜின் கையிலிருந்து கழற்றி ரகுநாதனின் கையில் பூட்டினார். ரெங்கராஜ் மச்சானின் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

"எதுக்குடா வந்தே? உமாவுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?"

"வர்ணத்துக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்னு ஒரு நாளாவது நெனச்சியா நீ?"

ரெங்கராஜ் சட்டையை விட்டான். இருவரும் அழுதார்கள். சேதுமாதவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், அவன் கண்ணிலும் தண்ணீர். ரெங்கராஜ்தான் முதலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினான். ஆவணியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நீ வெளியே வந்த பிறகுதான் கல்யாணம், மச்சான் இல்லாமல் நான் தாலி கட்ட மாட்டேன் என்றான். ரகுநாதனுக்கு வந்ததே கோபம். விலங்கு மாட்டிய கையை ஓங்கிக்கொண்டு, என் தங்கச்சியை இன்னும் ஒரு நாள் காக்க வைத்தாலும் ஜெயிலை உடைத்துக்கொண்டு வந்து உதைப்பேன் என்றான். உதைக்க வா, அதற்காவது சீக்கிரம் வா என்று இவனும் கத்தினான்.

போலீஸ்காரர் மிரண்டுபோய் நடுவில் புகுந்து இருவரையும் விலக்கினார். இவர்களுக்குள் என்ன பகை, ஒருவரையொருவர் கொன்றுவிடுவார்கள் போலிருக்கிறதே என்று ஷம்சியாவைக் கேட்டார்.

"பகையெல்லாம் இல்லைங்க. கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிறாங்க," என்று அவள் அரபியில் சொன்னாள்.